நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துக்கு விடுமுறையில் வரும் உறவினர், நண்பர், நண்பரின் நண்பர் எல்லாரும் ஏதோ ஒரு கட்டத்தில் கேட்பது, "நெடுந்தீவுக் குதிரையைப் பார்க்கலாமோ?" என்பதுதான். தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் பலர் தீவிலுள்ள பெருக்குமரத்தையும் (பாவோபாப்) கோட்டையையும் படம் பிடித்து முடித்து, ஓட்டோவுக்குள் இருந்தபடியே தூரத்தில் நாலைந்து குதிரையைக் கண்டு, அவசர அவசரமாகப் படகேறிவிடுகிறார்கள். குதிரைதான் நோக்கம் என்றால் பயணத்தை வேறு மாதிரித் திட்டமிட வேண்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

நெடுந்தீவு எங்கே இருக்கிறது?

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில். சப்த தீவுகள் எனப்படும் யாழ்ப்பாணத்து ஏழு தீவுகளில் மிகத் தள்ளி இருப்பது இதுதான். பரப்பளவு ஏறத்தாழ 50 சதுர கிலோமீற்றர். மற்றத் தீவுகள் சிலவற்றுக்குப் பாலமும் தாம்போதியும் (கடலுக்குக் குறுக்கே மேடுகட்டிப் போட்ட பாதை) உண்டு; இதற்குக் கடல்வழி மட்டுமே. ஆங்கில வரைபடங்களிலும் பெயர்ப்பலகைகளிலும் 'டெல்ஃப்ட்' என்று இருக்கும். ஒல்லாந்தர் தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இங்குள்ள தீவுகளுக்கெல்லாம் வைத்தார்கள். மற்றவை வழக்கொழிந்துபோக, இது மட்டும் நின்றுவிட்டது.

அவை உண்மையிலேயே காட்டுக்குதிரைகளா?

ஆதியிலிருந்தே காட்டில் வாழ்ந்த இனம் அல்ல. மனிதர் கொண்டுவந்து வளர்த்து, பிறகு கைவிட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்தார்கள், ஒல்லாந்தர் பண்ணையாக வளர்த்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் வரலாறு. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நோலன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி தீவில் இருந்து குதிரை வளர்ப்பை நடத்தினார். அவரைப் பற்றித் தீவில் இன்றைக்கும் கதைகள் உலாவுகின்றன. எல்லாம் குழந்தைகளுக்கு முன்னால் சொல்லக்கூடியவை அல்ல.

பண்ணை மூடப்பட்டது, குதிரைகள் மிஞ்சின. முருகைக்கல்லால் (பவளப்பாறைக் கல்) கட்டிய குதிரை லாயத்தின் இடிபாடுகளை இன்றும் காணலாம். தலைமுறை தலைமுறையாக வெயிலையும் உப்புக்காற்றையும் காய்ந்த புல்லையும் தாங்கி வந்ததால், பந்தயக் குதிரையின் உயரமோ மினுக்கமோ இவற்றுக்கு இல்லை. கட்டையான உருவம், பெரிய தலை, சிக்குப் பிடித்த பிடரி. பெரும்பாலும் பழுப்பு நிறம். கறுப்பும் வெள்ளை கலந்தவையும் இடையிடையே தென்படும்.

எத்தனை குதிரைகள் இருக்கும்?

பல நூறு. மழை பொய்த்த வருடங்களில் கணிசமாகச் செத்துப்போகின்றன, நல்ல மழை பெய்தால் குட்டிகள் தப்புகின்றன. அதனால் எண்ணிக்கை ஒரே அளவில் நிற்பதில்லை.

எந்த மாதத்தில் போவது நல்லது?

தை, மாசி, பங்குனி. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழையால் குளங்களும் கேணிகளும் நிறைந்திருக்கும், வெளியெல்லாம் பச்சை பிடித்திருக்கும். குதிரைகளின் உடம்பும் தேறியிருக்கும். வெயிலும் பொறுக்கக்கூடியதாக இருக்கும். ஒரே குறை, தண்ணீர் எங்கும் கிடைப்பதால் கூட்டங்கள் பரந்து மேயும். கொஞ்சம் தேட வேண்டும்.

மழை மாதங்களில் போவதை நான் யாருக்கும் சொல்வதில்லை. தாழமுக்கம் என்று வானொலியில் சொன்னால் படகு நின்றுவிடும். போன பிறகு நின்றால், அங்கேயே இருக்க வேண்டியதுதான்.

வைகாசி தொடங்கிச் சோளகக் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று. கடல் குழம்பும். குமட்டல் வரக்கூடியவர்கள் முதல் நாளே மருந்துக்கடைக்குப் போய்வருவது நல்லது. ஆவணி, புரட்டாதியில் தரை வெடித்துக் கிடக்கும். எஞ்சிய நீர்நிலைகளைச் சுற்றியே குதிரைகள் நிற்பதால் காண்பது மிகச் சுலபம். படப்பிடிப்பாளர்கள் சிலர் அந்தக் காலத்தைத்தான் விரும்புகிறார்கள். விலா எலும்பை எண்ணக்கூடிய ஒரு தாய்க்குதிரை சேற்றுத் தண்ணீரை உறிஞ்சுவதையும், அதன் வயிற்று நிழலில் குட்டி ஒதுங்கி நிற்பதையும் பார்க்க மனம் தாங்கும் என்றால் போங்கள்.

யாழ்ப்பாண நகரத்திலிருந்து எப்படிப் போவது?

முதலில் குறிகாட்டுவானுக்குப் போக வேண்டும். அது புங்குடுதீவின் மேற்கு முனையில் உள்ள இறங்குதுறை. பண்ணைப் பாலத்தைத் தாண்டி, வேலணை வழியாக, இருபுறமும் கடல் தளும்பும் தாம்போதிகளில் போகும் பாதை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்திலிருந்து 776 இலக்க பஸ் போகிறது. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். சொந்த வாகனத்தில் போகிறவர்கள் அதை இறங்குதுறையில் நிறுத்திவிட்டுத்தான் படகேற வேண்டும்.

அங்கிருந்து நெடுந்தீவின் மாவிலித்துறைக்குக் கடலில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம்.

படகு எத்தனை மணிக்கு?

காலையில் போய்ப் பிற்பகலில் திரும்புவதே பொதுவான ஒழுங்கு. சரியான நேரத்தை இங்கே எழுதி வைப்பதால் பயனில்லை. எந்தப் படகு ஓடுகிறது, எது திருத்த வேலைக்குப் போயிருக்கிறது, காற்று எப்படி என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். முதல் நாள் மாலை, நீங்கள் தங்கப்போகும் வீட்டுக்காரரிடமோ தீவிலுள்ள ஓட்டோக்காரரிடமோ தொலைபேசியில் கேட்பதுதான் நம்பகமான வழி. இணையத்தில் சுற்றும் நேர அட்டவணைகளை நம்பிப் போகாதீர்கள்.

குமுதினி, வடதாரகை, நெடுந்தாரகை என்று பெயர்கள் காதில் விழும். தனியார் படகுகளும் உண்டு. பாடசாலை ஆசிரியர்களும் அரச ஊழியர்களும் இதே படகுகளில்தான் வேலைக்குப் போகிறார்கள். நோயாளிகளும் இதில்தான் யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறார்கள். இருக்கையை அவர்களுக்கு விட்டுக்கொடுங்கள். அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், மோட்டார் சைக்கிள் எல்லாம் ஏற்றி முடியும் வரை பொறுமையாக நிற்க வேண்டும். பாதுகாப்பு அங்கியைத் தந்தால் வெக்கையாக இருக்கிறது என்று கழற்றி மடியில் வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள்.

குமுதினி என்ற பெயரைக் கேட்டதும் வயதானவர்கள் சற்று மௌனமாகலாம். 1985 மே 15 அன்று அந்தப் படகில் போய்க்கொண்டிருந்த பொதுமக்கள் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நினைவிடம் மாவிலித்துறையில் இருக்கிறது. மே நடுப்பகுதியில் போகிறவர்கள் அந்த நாளின் கனத்தை அறிந்து நடந்துகொள்வது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து வருகிறோம். ராமேஸ்வரத்திலிருந்து நேரே படகில் வர முடியாதா?

முடியாது. இடையில் இருப்பது சர்வதேசக் கடல் எல்லை. கச்சதீவு அந்தோனியார் திருவிழாவுக்கு ராமேஸ்வரத்திலிருந்து படகு விடுகிறார்களே என்று சிலர் கேட்பார்கள். அது அந்தத் திருவிழாவுக்கு மட்டுமான ஏற்பாடு, அங்கிருந்து நெடுந்தீவுக்கு வர இடமில்லை.

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு விமானம் உண்டு. நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023இல் தொடங்கிய கப்பல் சேவை இடையில் நின்று, 2024இல் மறுபடி ஓடத் தொடங்கியது. மழைக்காலத்தில் அது நிறுத்தப்படுவதால், கப்பலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் தை மாதத்துக்குப் பிறகு போடுங்கள்.

ஒரே நாளில் போய்வரலாமா?

போய்வரலாம், பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலைப் படகில் ஏறி மாவிலித்துறையில் கால் வைக்கும்போது வெயில் ஏறிவிடும். பிற்பகல் படகுக்கு அரை மணித்தியாலம் முன்பே துறையில் நிற்க வேண்டும். நடுவே கிடைப்பது நாலைந்து மணித்தியாலம், அதுவும் உச்சி வெயில். அந்த நேரத்தில் குதிரை மேயாது, ஓடாது. எங்காவது தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கும்.

ஓர் இரவு தங்குங்கள். மாலை நாலு மணிக்குப் பிறகும், மறுநாள் விடிந்து இரண்டு மணித்தியாலமும்தான் குதிரை பார்க்கும் நேரம். இரண்டும் பகல் பயணிக்குக் கிடைக்காதவை. தங்குமிடங்கள் சிலவே உண்டு, ஆடம்பரம் எதிர்பார்க்க வேண்டாம். சனி, ஞாயிறு, பாடசாலை விடுமுறை நாட்களுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

தீவுக்குள் எப்படிச் சுற்றுவது?

துறையில் இறங்கியதும் ஓட்டோக்களும் சிறிய 'பட்டா' வண்டிகளும் நிற்கும். ஏறுமுன் கட்டணத்தோடு சேர்த்து இன்னொன்றையும் பேசிக்கொள்ளுங்கள்: "பத்து இடம் காட்ட வேண்டாம், குதிரை நிற்கும் பக்கம் கொண்டுபோய் ஒரு மணித்தியாலம் எஞ்சினை நிறுத்திவிட்டு நில்லுங்கள்." முதலில் வியப்பாகப் பார்ப்பார்கள், பிறகு சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். எந்தக் குளத்தில் நேற்றுத் தண்ணீர் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

சைக்கிள் நல்ல யோசனைதான், தீவு தட்டை. ஆனால் உள்பாதைகளில் முள் ஏறிக் காற்றுப் போனால் தள்ளிக்கொண்டே நெடுந்தூரம் வர வேண்டும்.

குதிரைகள் எந்தப் பக்கம் நிற்கும்?

இறங்குதுறை வடக்கே. ஊர்மனைகளும் பனைகளும் கல்வேலிகளும் அந்தப் பாதியில்தான் நெருக்கம். தெற்கே போகப் போக வீடுகள் ஐதாகி, மரங்களும் குறைந்து, முட்புதரும் புல்லுமாக வெளி விரியும். குதிரைகளின் இடம் அதுதான். 2015இல் தீவின் 18 சதுர கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட பகுதி தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் என்று வைத்துக்கொள்ளலாம். தென்கரையில் 'குவிந்தா' என்று சொல்லப்படும் பழைய கல்கோபுரம் ஒன்று நிற்கிறது. அதை நோக்கிப் போகும் வழியில் கண்ணை விரித்து வைத்திருங்கள்.

குதிரையைத் தேடாதீர்கள், தண்ணீரைத் தேடுங்கள். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் எப்போதும் தட்டுப்பாடு. பல கிணறுகள் உவர். சாராப்பிட்டிக் கிணறுகள்தான் நன்னீருக்குப் பேர்போனவை. குதிரைக்கும் அதே பாடுதான், வெயில் நாளில் ஒன்றுக்கே வாளிக்கணக்கில் வேண்டும். ஆகவே காலையிலும் மாலையிலும் குளம், கேணி, தொட்டிப் பக்கம் வராமல் இருக்க அவற்றால் முடியாது. புதிய குளம்படியும் ஈரமான சாணமும் தெரிகிற நீர்க்கரைக்குச் சற்றுத் தள்ளி, காற்றோட்டமான வெளியில் உட்கார்ந்துவிடுங்கள். புதருக்குப் பின்னால் ஒளிய வேண்டாம். ஒளிந்திருக்கும் உருவத்தைக் கண்டால்தான் குதிரை மிரளும்.

வருவது கூட்டமாக வரும். ஓர் ஆண் குதிரை, சில பெண் குதிரைகள், அவற்றின் குட்டிகள். பெரும்பாலும் வயதான பெண் குதிரை ஒன்றுதான் முன்னால் நடக்கும். ஆண் பின்னாலோ ஓரமாகவோ வந்து, மற்ற ஆண்கள் கிட்ட வராமல் பார்த்துக்கொள்ளும். இரண்டு கூட்டம் ஒரே தண்ணீருக்கு வந்தால் பார்க்க வேண்டும்! இரண்டு ஆண்களும் கழுத்தை வளைத்து நெருங்கி, மூக்கோடு மூக்கு வைத்து மணந்து, ஒரு கிறீச்சிடல், முன்னங்காலால் தரையில் ஓர் அடி. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். தோற்றது ஒன்றும் நடக்காதது போல் புல்லைக் கடிக்கத் தொடங்கும்.

குடித்து முடித்த பிறகும் எழும்பிப் போகாதீர்கள். இரண்டு குதிரைகள் எதிரெதிராக நின்று ஒன்றின் பிடரி அடியை மற்றது பல்லால் சொறிந்துவிடுவதை அப்போதுதான் காண முடியும். பிடரி மயிரில் ஒட்டிய முள்விதைகள் கூடத் தெரியும்.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

முப்பது, நாற்பது மீற்றருக்குள் நீங்களாகப் போக வேண்டாம். இது என் அளவு. வனஜீவராசிகள் திணைக்கள அலுவலர் வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை எல்லாம் ஒருசேரத் தலையை நிமிர்த்தி உங்களைப் பார்த்தால், ஏற்கெனவே கூடுதலாக நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். காது இரண்டும் பின்னால் படிந்து, தலை தாழ்ந்து நீண்டு வந்தால் ஆண் குதிரை எச்சரிக்கிறது. திரும்பி ஓடாமல், பார்த்தபடியே பின்வாங்குங்கள். தாய்க்கும் குட்டிக்கும் நடுவே மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போகக்கூடாது.

ஓட்டோவால் அல்லது மோட்டார் சைக்கிளால் துரத்தி, ஓடும்போது வீடியோ எடுப்பது சிலருக்கு விளையாட்டாக இருக்கிறது. தண்ணீரும் புல்லும் அரிதான இடத்தில் ஒவ்வொரு ஓட்டமும் அந்த உடம்புக்குச் செலவு. குட்டி கூட்டத்தைத் தவறவிட்டால் கதை முடிந்தது. உங்கள் வண்டிக்காரர் அப்படிச் செய்ய முன்வந்தால் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பாண், பிஸ்கட், வாழைப்பழம் கொடுக்கலாமா? பாவமாக இருக்கிறதே.

கொடுக்காதீர்கள். குதிரையால் வாந்தியெடுக்க முடியாது. ஒவ்வாத தீனி உள்ளே போனால் வெளியே தள்ள வழியில்லாமல் வயிற்றுவலியிலேயே சாகக்கூடும். பொலித்தீன் பை அதைவிட மோசம். உப்புச்சுவை ஒட்டிய பை என்றால் பையோடு விழுங்கும். கொண்டுபோன குப்பை முழுவதையும் யாழ்ப்பாணத்துக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள்.

சவாரி செய்யலாமா?

இல்லை.

மெலிந்த அல்லது காயப்பட்ட குதிரையைக் கண்டால்?

நீங்கள் கை வைக்க வேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, படம் ஒன்று எடுத்து, தீவிலுள்ள வனஜீவராசிகள் அலுவலரிடமோ பிரதேச செயலகத்திலோ சொல்லுங்கள். முகநூலில் போடுவது அதற்குப் பிறகு.

என்னென்ன கொண்டுபோக வேண்டும்?

ஆளுக்கு மூன்று லீற்றர் தண்ணீர். அகன்ற தொப்பி, முழுக்கைச் சட்டை, மூடிய சப்பாத்து. செருப்போடு முருகைக்கல்லிலும் முள்ளிலும் நடக்க முடியாது. தொலைநோக்கி இருந்தால் தூக்கி வாருங்கள், கைத்தொலைபேசிக் கமராவைவிட அதுதான் பயன்படும். மருந்துகள், காசு, அடையாள அட்டை அல்லது கடவுச்சீட்டு. தங்குகிறவர்களுக்கு ரோச் லைட்டும் நுளம்புத் தைலமும். தென்பக்கத்தில் தொலைபேசித் தொடர்பை நம்பாமல், வண்டிக்காரரிடம் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் போனவுடன் கிடைக்காது. காலையிலேயே சொல்லிவைத்தால் மத்தியானம் சோறும் அன்று பிடித்த மீன் குழம்பும். சைவமானால் இன்னும் தெளிவாகச் சொல்லிவைக்க வேண்டும்.

குதிரையைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்?

உள்ளே ஆள் நுழையக்கூடிய பொந்துள்ள பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை இடிபாடு, புறாக்கூடு, பழங்கதைகளில் வரும் அரசனின் பெயரால் வெடியரசன் கோட்டை என்று சொல்லப்படும் மேடு. எனக்கு இவற்றையெல்லாம் விடப் பிடித்தது வீட்டு வேலிகள். சீமெந்தும் சுண்ணாம்பும் இல்லாமல் முருகைக்கற்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியே மைல் கணக்கில் கட்டியிருக்கிறார்கள். காற்று கல்லிடுக்குகளால் ஊடுருவிப் போய்விடுவதால் புயலுக்கும் நிற்கிறது. தயவுசெய்து படம் எடுக்க அதன்மேல் ஏறாதீர்கள், ஒரு கல் நழுவினால் பத்துக் கல் வரும்.

நயினாதீவையும் அதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா?

இரண்டுக்கும் குறிகாட்டுவானில்தான் படகேற வேண்டும் என்பதால் இந்த ஆசை வருகிறது. சேர்த்தால் இரண்டும் அரைகுறை. நெடுந்தீவில் இரவு தங்கித் திரும்பும் நாளில், நேரம் மிஞ்சினால் நாகபூசணி அம்மனைக் கும்பிட்டு வாருங்கள், கால் மணித்தியாலப் படகுதான். ஆனித் திருவிழாக் காலத்தில் அந்தத் துறையில் கால் வைக்க இடம் இருக்காது. அப்போது குதிரைப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வயதானவர்களும் குழந்தைகளும் வரலாமா?

ஏறி இறங்கும்போது கைகொடுக்க ஆள் இருந்தால் வரலாம். படகுக்கும் துறைக்கும் இடைவெளி அலையோடு விரிந்து சுருங்கும்; முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அதுதான் சிரமம். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் தை, மாசியில் வாருங்கள்.

ட்ரோன் பறக்கவிடலாமா?

இலங்கையில் அதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும். அனுமதி இருந்தாலும் குதிரைக்கூட்டத்தின் மேல் வேண்டாம். அந்த இரைச்சலுக்கு அவை கண்மண் தெரியாமல் ஓடும்.

இவ்வளவு சிரமப்படாமல் தமிழ்நாட்டிலேயே பார்க்க முடியாதா?

கோடியக்கரைக்குப் போங்கள். அங்குள்ள வனவிலங்கு சரணாலயத்தில் வெளிமான்களோடு கூடவே மட்டக்குதிரைகளும் திரிகின்றன. அவையும் வளர்ப்பிலிருந்து காட்டுக்குப் போனவைதான். தீவு அல்ல, கடல்முனை. வேதாரண்யத்திலிருந்து சாலை வழியாகவே போய்விடலாம். பாக்கு நீரிணையின் அக்கரையும் இக்கரையும்தான், வெயிலும் உப்புக்காற்றும் ஒன்று. கடவுச்சீட்டு இல்லாதவர்களுக்கு இது நல்ல வழி. நெடுந்தீவின் வெட்டவெளி மட்டும் அங்கே கிடைக்காது.

பிற்பகல் படகைத் தவறவிட்டால் என்ன செய்வது?

துறையில் யாராவது தனியார் படகு போகிறதா என்று கேட்டுப் பாருங்கள். காற்று அதிகமாக இருந்தால், காசைக் கூட்டித் தருகிறோம் என்று யாரையும் வற்புறுத்தாதீர்கள். இல்லையென்றால் ஓட்டோக்காரரிடமே கேளுங்கள். இரவு தங்க யாருடைய வீட்டிலாவது ஓர் அறை பிடித்துத் தருவார். மறுநாள் காலைப் படகுக்கு வெள்ளாப்பிலேயே எழும்ப வேண்டியிருக்கும். அதுவரை நேரம் கிடக்கிறது. அதே ஓட்டோவைத் தெற்கே திருப்பச் சொல்லுங்கள், குதிரைகள் தண்ணீருக்கு வருகிற நேரம்.